கையிருப்பில் மூன்று

– ஐயா, அந்தப் பெட்டிய மேசையில வைக்காதீங்க. பைலெல்லாம் நனையுது.

– நனையட்டும் மகள். நல்லா நனையட்டும். மணக்குதா? கிட்ட வந்து மணந்து பாருங்கவன். முந்தநாள் பட்ட றால் இது. ஐஸ் இருந்தா இண்டைக்கு வாழைச்சேனையில ஏலத்துல நிக்க வேண்டிய றால். ஐஸ் இல்ல, கரண்ட் இல்ல. அதாலதான் உங்கட மேசைக்கு வந்து நிக்குது.

– மர்சூக், இவர ஆர் உள்ள விட்டது?

– நான்தான் மெடம். விடாம என்ன செய்யிற? வல்லிபுரத்தண்ணன், கண்டல்முனை மீன்பிடிச் சங்கத் தலைவர். வாகரைக்கும் அங்கால இரிந்து வாறார். வாசல்ல இந்தப் பெட்டியோட நிண்டா, பில் கட்ட வந்த சனமெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுது. உள்ள எடுத்தா நமக்கு மட்டும்தானே மணக்கும் எண்டு யோசிச்ச நான்.

– நல்லா யோசிச்சீங்க. ஸ்டோருக்குப் பொறுப்பான ஆள் நீங்க, சாமான் தேடிற வேலைய விட்டுட்டு றால் பெட்டிக்குப் பாதை காட்டுறீங்க.

– தம்பியில பாயாதீங்க மகள். நீங்கதானே இஞ்ச பெரிய இஞ்சினியர்?

– பதில் பொறியியலாளர் ஐயா. இன்னும் நிரந்தரம் இல்ல.

– பதிலோ? நானும் வந்து வந்து கேக்கன், ஒரு பதிலும் இல்லையே இந்தக் கந்தோர்ல.

– ஐயா, கொஞ்சம் இருங்க. இருந்து கதையுங்க.

– இரிக்க வரல்ல நான். சண்டைக்கும் வரல்ல. ஆனா சண்டை பிடிக்காமலும் போக மாட்டன். இடி விழுந்து ட்ரான்ஸ்போமர் வெடிச்ச நாளில இரிந்து ஊர் இருட்டு. ஐஸ் அறை செத்துக் கிடக்கு. தண்ணி மோட்டர் செத்துக் கிடக்கு. பொம்புளையள் குடத்தத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக் கிணத்துக்கு நடக்குதுகள், அதுவும் உவர்த் தண்ணி. யாவாரி வாறானில்ல. வந்தாலும் பாதி விலைக்குக் கேக்கான். பொடியனுகள் வலையச் சுருட்டி வெச்சிட்டு, கட்டார் போறம், டுபாய் போறம் எண்டு நிக்கிறானுகள். போயிற்றானுகள் எண்டா மறுகா கரண்ட் வந்து ஆருக்கு? நானும் என்ட கிழவியும் பேனுக்குக் கீழ இரிக்கவா?

– எனக்கு விளங்குது ஐயா.

– விளங்கினா ஒரு ட்ரான்ஸ்போமரத் தாங்க.

– கொழும்பு தருதில்லையே! நான் கேக்காமலா இருக்கன்? கடிதம் எழுதியாச்சு, ஈமெயில் போட்டாச்சு, போன்ல கத்தியாச்சு. எல்லாத்துக்கும் ஒரே மறுமொழிதான். ‘உங்கட ஸ்டோர்ல மூண்டு இருக்கு, அதுல ஒண்டப் போடுங்க.’

– மூண்டோ!

– ஓம், மூண்டு.

– டேய் மர்சூக், மூண்ட உள்ள வெச்சிக்கிட்டா எனக்குத் தேத்தண்ணி தந்து தந்து அனுப்பின நீ?

– அண்ணன், கொஞ்சம் பொறுங்க. அந்த மூண்டும் இரிக்கி. ஆனா இல்ல.

– இரிக்கி, ஆனா இல்ல எண்டா அதுக்குப் பேரு பேய்.

– நல்லாக் கேளுங்க ஐயா. நானும் இஞ்ச வந்த நாள் தொட்டு அதைத்தான் கேக்கிறன். மர்சூக், காட்டுங்க இவருக்கு. முதலாவது அந்தா, ஜன்னலால தெரியுது.

– அந்தப் பச்சைப் பெட்டியா? நல்ல வடிவா இரிக்கே மகள்.

– வடிவு மட்டும்தான் அண்ணன். உள்ள ஒண்டும் இல்ல. எண்ணெய் ஏறாவூருக்குப் போச்சு, உள்ள சுத்தின செம்புக் கம்பிக் கொயில் களுவாஞ்சிகுடிக்குப் போச்சு, மேல இரிந்த பீங்கான் எங்கட காத்தான்குடிக்கு. குர்பானுக்கு மாடறுத்துப் பங்கு வெச்ச மாதிரித்தான். இப்ப தோல் மட்டும் நிக்கிது.

– ஆனா கொம்பியூட்டர் சிஸ்டத்துல அந்த மாடு உயிரோட மேயுது.

– மெடம், சிஸ்டத்துக்கு எப்பிடிச் சொல்ற? ‘பாதி’ எண்டு போட அதுல இடமில்ல. இரிக்கி இல்லாட்டி இல்ல, அவ்வளவுதான். நம்மட வேல அப்பிடியா? இஞ்ச காலாகாலமா கைமாத்துத்தான். ஏறாவூர்ல வெடிச்சா நாம குடுக்கிற, நம்மளில வெடிச்சா வாழைச்சேனை தரும். ஒரு போன், ஒரு சொல்லு. கொழும்பிட்டக் கேட்டா அவன் கையெழுத்து, இவன் கையெழுத்து எண்டு மாரிக்காலமே முடிஞ்சி போகும். வெள்ளத்துக்குள்ள சனம் நிக்கக்குள்ள கையெழுத்தப் பாத்துக்கிட்டு நிக்க ஏலுமா?

– ஏலாது. அதை நான் குற்றம் சொல்லல்ல. குடுத்ததை ஒருத்தரும் சொல்லல்ல, அதுதான் பிழை. கொழும்பு என்ன நினைக்குது? மட்டக்களப்பில ஒருத்தி மூண்டு ட்ரான்ஸ்போமரக் கோழி மாதிரி அடைகாத்துக்கிட்டு இருக்காள், சனம் இருட்டில கிடக்கு எண்டு நினைக்குது.

– ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு சும்மாவா சொன்னாங்க. சரி, பேய் ஒண்டு பாத்தாச்சி. ரெண்டாவது எங்க?

– ரெண்டாவது கோயில்ல ஐயா.

– கோயில்லயோ?

– வாவிக் கரையில ஒரு கண்ணகை அம்மன் கோயில். போன வைகாசிச் சடங்குக்கு, எனக்கு முதல் இருந்த பொறியியலாளர் ஒரு கிழமைக்கெண்டு குடுத்தது. சடங்கு முடிஞ்சுது, அம்மனக் குளிர வைக்கிற குளுத்தியும் முடிஞ்சுது, அம்மன்ட கதவும் பூட்டியாச்சு. ட்ரான்ஸ்போமர் இன்னும் கம்பத்துல நிக்குது.

– கழட்டினா என்ன?

– ஆரு ஏறுற அண்ணன்? குளுத்தி அண்டைக்கு ஒரு பொம்புளைக்குத் தெய்வம் ஏறி, ‘என்ட வெளிச்சத்துல கை வெச்சவன் கையோட வீட்ட போக மாட்டான்’ எண்டு சொல்லிப் போட்டா. மறுகா நம்மட லைன் போர்மன் உதயரூபன்ட பொடியனுகள் அந்தக் கம்பத்தப் பாத்துக் கும்பிடுறானுகளே தவிர ஏறுறானில்ல.

– காத்தான்குடிப் பொடியனுகள அனுப்பலாம் எண்டு நான் சொன்னனே மர்சூக்.

– கேட்ட நான் மெடம். ‘அடுத்தவன்ட கோயில் விசயம், நாம கை வெச்சி ரெண்டு ஊருக்கும் கரைச்சல் வேணாம்’ எண்டுட்டானுகள். அதுவும் ஞாயம்தானே?

– எல்லாருக்கும் ஒவ்வொரு ஞாயம். ஐயா, இப்ப நான் ஒண்டு சொல்றன். நீங்க ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, நானே போய்க் கீழ நிண்டு கழட்டுவிக்கிறன். என்ட கைக்கு வாறது வரட்டும்.

– அம்மன்ட வெளிச்சத்தையோ? வேணாம் மகள்.

– என்ன வேணாம்? இவ்வளவு நேரமும் கத்தினீங்க!

– கத்தினன். இன்னும் கத்துவன். ஆனா அது வேணாம். குளுத்தி முடிஞ்சி அம்மன் குளிந்து போய் இரிக்கா. அவட கம்பத்துல கழட்டின சாமான நான் ஊருக்குள்ள ஏத்தினன் எண்டா, முதல் பிள்ளைக்குக் கொப்புளம் போட்ட அண்டைக்கு என்ட வாசல்லதான் சனம் நிக்கும். மீன் படாட்டி வல்லிபுரம், அம்மாள் வந்தா வல்லிபுரம். என்னால ஏலா.

– ஐயோ கடவுளே! கொழும்புக்குச் சிஸ்டம், உங்களுக்குத் தெய்வம், இவருக்குக் கைமாத்து. எனக்கு மட்டும் ஒண்டுமில்ல, தலையிடி மட்டும்தான். இருங்க, போன் அடிக்குது. தலைமைக் கந்தோர் இஷாம் சேர். இந்தப் போன் ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். ரெண்டு பேரும் வாயத் திறக்கப்படாது... ஹலோ சேர்.

– தக்ஷாயினி, எப்பிடிச் சுகம்? நாளைக்குக் காலையில பேட்டி. ஞாபகம் இரிக்கிதானே?

– ஓம் சேர். கந்தோர்ல இருந்து வீடியோவில வாறன். சேர், அந்தக் கண்டல்முனை ட்ரான்ஸ்போமர்...

– அத விடுங்க. முதல்ல நல்ல செய்தியக் கேளுங்க. பேட்டிக் குழுவில நானும் இரிக்கன். நிரந்தரப் பொறியியலாளர் எண்டு கையில கிடைச்ச மாதிரித்தான். ஏன் தெரியுமா? மின்சார சபைய உடைச்சிக் கொம்பனி கொம்பனியாப் பிரிக்கிற இந்த நேரத்துல, ஒரு ஏரியாவிலயும் கையிருப்புச் சரியில்ல. கம்பி இல்ல, மீற்றர் இல்ல, கேட்டா ஆளையாள் பாக்கிறாங்க. உங்கட ஏரியா மட்டும்தான் ஸ்கிரீன்ல பாக்க வடிவா இரிக்கி. மூண்டும் பச்சை. உங்கள மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்.

– சேர், அந்த மூண்டும்...

– என்ன, சொல்லுங்க?

– ஒண்டுமில்ல சேர்.

– நல்லா நித்திரை கொள்ளுங்க. நாளைக்குப் பாப்பம்.

– வெச்சிட்டானோ? ஏன் மகள் சொல்லல்ல? வாய் வரைக்கும் வந்த கதைய விழுங்கிப் போட்டீங்களே.

– சொன்னா என்ன நடக்கும் ஐயா? முதல்ல மர்சூக்ட வேலை போகும். பிறகு, பென்சன் எடுத்துப் போன பழைய பொறியியலாளரக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நாளைக்கு என்ட பேட்டியும் போகும். மன்னார்ல பதில், வவுனியாவில பதில், இஞ்ச பதில். என்ட வீடு நாவற்குடாவில, ரெண்டு தெரு தள்ளி. அம்மா கேக்கிறா, ‘எப்ப புள்ள உனக்கொரு கதிரை சொந்தமாக் கிடைக்கும்’ எண்டு. ஆசையாத்தான் இருக்கு எனக்கும். பொய் சொல்லி என்ன? நல்லா ஆசையா இருக்கு.

– ஆசை இரிக்கத்தானே வேணும் மகள். நான் அதப் பிழையெண்டு சொல்லல்ல.

– எனக்கு என்னிலதான் கோவம் வருது. இப்பிடி மூண்டு மூண்டெண்டு எல்லாரும் விழுங்கி விழுங்கித்தான் உங்கட ஊர் இருட்டில கிடக்கு. மர்சூக்! மூண்டாவது எங்க? எத்தனை தரம் கேட்டாச்சு? ‘வரும் மெடம், பாப்பம் மெடம்.’ இண்டைக்குச் சொல்லாட்டி இந்த றால் பெட்டிய உங்கட ஸ்டோருக்குள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுத் திறப்பை வாவியில எறிவன்.

– மெடம், கோவிக்காதீங்க. சொன்னா நீங்க கந்தோருக்குள்ள இரிக்கவே யோசிப்பீங்க எண்டுதான் சொல்லல்ல.

– எங்க?

– மேல பாருங்க. பேன் சுத்துதா?

– சுத்துது.

– ஏசி ஓடுதா? கொம்பியூட்டர் வேலை செய்யுதா? கவுண்டர்ல பில் அடிக்குதா? எல்லாம் அதிலதான். வாசல்ல நிக்கிற கம்பத்துல.

– நம்மட கந்தோர்ட ட்ரான்ஸ்போமரா?

– கந்தோர்ட பழசு மாரியில எரிஞ்சி போச்சு மெடம். பழைய சேர் சொன்னார், ‘பொழுதுபட முதல் ஏத்துங்க, கடிதம் நாளைக்கு எழுதுவம்’ எண்டு. ஏத்தின. அந்த நாளை இன்னும் வரல்ல.

– அப்ப, ஸ்டோர்ல மூண்டு இருக்கு எண்டு காட்டிற சிஸ்டம், ஸ்டோர்ல இல்லாத ட்ரான்ஸ்போமர்லதான் ஓடுது.

– அப்பிடிச் சொன்னா அப்பிடித்தான்.

– நீங்க ஏன் ஐயா சிரிக்கிறீங்க?

– சிரிக்காம? தேடின மாடு தலைக்கு மேல நிண்டிரிக்கு. நல்ல கந்தோர் மகள், நல்ல கந்தோர். சரி, நான் போயிற்று வாறன். பெட்டிய இஞ்சயே வெச்சிட்டுப் போறன், கோவிக்காதீங்க. ஊருக்குப் போய்ச் சொல்றன், பேய்தான் இரிக்கி, ட்ரான்ஸ்போமர் இல்ல எண்டு.

– நில்லுங்க ஐயா. மர்சூக், உதயரூபனக் கூப்பிடுங்க. பியூஸ இறக்கிட்டு அதைக் கழட்டச் சொல்லுங்க.

– எதை மெடம்?

– வாசல்ல நிக்கிறதை.

– மெடம்! உங்களுக்கென்ன, வெயில் தலைக்கு ஏறிற்றா? கந்தோர் இருண்டு போகும். கவுண்டர் நிக்கும். நாளைக்குப் பேட்டி! எதுல பேசுவீங்க?

– ஜெனரேட்டர் இருக்கே.

– ஜெனரேட்டர் இரிக்கி. திறப்பு இல்ல. கொம்பனி பிரிச்ச அண்டைக்கு ஜெனரேட்டர் அறை மத்தக் கொம்பனிக்குப் போச்சு. சுவருக்கு அந்தப் பக்கம்தான், எட்டிப் பாத்தாத் தெரியும். ஆனா திறப்பு அவங்கட மனேஜரிட்ட. அந்த மனேஜர் ஆரெண்டு இன்னும் போடல்ல.

– நல்லது. அப்ப இருட்டுல இருப்பம். இவ்வளவு நாளும் கண்டல்முனைச் சனம் இருந்துதுதானே.

– எதுல ஏத்தி அனுப்புற? நம்மட லொறியும் அவங்கட பங்குக்குத்தான் போனது.

– எங்கட சங்க லொறி வெளியில நிக்கிது தம்பி. றால் ஏத்தி வந்த லொறி. ஆனா பொறுங்க மகள். அவசரப்படாதீங்க. நாளைக்கு உங்களுக்குப் பேட்டியெல்லோ? எங்கட ஊருக்காக உங்கட கதிரைய...

– ஐயா, கதிரையப் பத்தி இனி ஒருத்தரும் கதைக்காதீங்க. கதைச்சா மனம் மாறிப் போயிடும். உதயரூபனையும் அவர்ட ஆக்களையும் லொறியில கூட்டிக்கொண்டு போங்க. இண்டைக்கே ஏத்தி முடிக்கச் சொல்லுங்க. அம்மன் கோயில் வழியாப் போகாதீங்க, அவனுகள் இறங்கிக் கும்பிடத் தொடங்கினா நேரம் போயிடும்.

– கந்தோர்ட ட்ரான்ஸ்போமருக்குத் தெய்வக் குத்தம் ஒண்டும் இல்லத்தானே?

– அதுக்கு என்ட குற்றம் மட்டும்தான் ஐயா. தைரியமாக் கொண்டு போங்க.

– வாறன் மகள். நல்லா இரிப்பீங்க. என்ட வாய் கத்துற வாய்தான், ஆனா அது சொன்னாப் பலிக்கும்.

– மெடம், ஜன்னலுக்கு வாங்க. பியூஸ இறக்கிட்டானுகள். பேன் நிண்டிட்டு பாருங்க. மேல் மாடியில கிளாக்கர்மார் கத்துறானுகள், கேக்குதா?

– கேக்குது. கத்தட்டும்.

– செயின் புளொக்கப் போட்டாச்சி. ஆ, வருது வருது... டேய், மெதுவா! அது நம்மட கடைசிப் பச்சைடா! லொறியில வெச்சாச்சி. வல்லிபுரத்தண்ணன் தானே ஏறிக் கயிறு கட்டுறார். உதயரூபனும் ஏறிற்றான். போறானுகள் மெடம். பாலத்தத் தாண்டிட்டானுகள்.

– கதவைத் திறந்து விடுங்க மர்சூக். வேர்க்குது.

– கோவமா மெடம் என்னில?

– உங்களில, எனக்கு முதல் இருந்தவர்ல, கொழும்புல, எல்லாரிலயும். ஆனா இப்ப கொஞ்சம் குறைவு. ஐயோ, திரும்பப் போன் அடிக்குது. இஷாம் சேர்தான்.

– எடுக்காதீங்க மெடம்.

– எடுக்காம? ஹலோ சேர்.

– தக்ஷாயினி, என்ன நடந்த? மட்டக்களப்பு ஸ்கிரீன்ல இரிந்து காணாமப் போயிற்று!

– கந்தோர்ட ட்ரான்ஸ்போமர் இல்லாமப் போச்சு சேர்.

– எரிஞ்சிட்டா? சரி, சரி, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. கந்தோர் இருண்டா அது முதலாந்தர அவசரம். கையெழுத்துத் தேவையில்ல, உங்கட கையிருப்பப் பாக்கவும் தேவையில்ல. இப்பவே ஒண்டு ஏத்தி அனுப்புறம். விடிய வந்து சேரும். உங்கட பேட்டிக்கு முதல் கரண்ட் இரிக்கும்.

– அல்ஹம்துலில்லாஹ்! மெடம், பாத்தீங்களா? சனம் அழுதா வராது, கந்தோர் இருண்டாக் கேக்காமலே வருது!

– உஸ்... ஓம் சேர், நன்றி சேர்.

– ஆர் அங்க சத்தம் போடுற?

– ஸ்டோர் ஆள் சேர். சந்தோசத்துல.

– சரி. இன்னொரு விசயம். அந்தக் கண்டல்முனைக் கடிதங்கள இனி அனுப்ப வேணாம். எல்லை பிரிச்சதுல அந்தப் பக்கம் ஒண்டாந் தேதியோட திருக்கோணமலைக் கொம்பனிக்குப் போயிற்று.

– அவங்க பாரமெடுத்திட்டாங்களா சேர்?

– அதுதான் இல்ல. அவங்கட பணிப்பாளர் சபை கூடித்தான் பாரமெடுக்கும். எப்ப கூடுமோ தெரியா. இப்போதைக்கு அது ஆருட ஊரும் இல்ல எண்டு வெச்சிக்கங்க. அங்க இரிந்து ஆரும் வந்தா நீங்க கதவு திறக்கவே தேவையில்ல. உங்கட நன்மைக்குத்தான் சொல்றன். இப்ப ஒரு ஆணி அந்தப் பக்கம் போனாலும், ஒரு கொம்பனிட சாமானக் களவா மத்தக் கொம்பனிக்குக் குடுத்த கணக்கு. குடுத்த ஆளுக்குப் பேட்டியுமில்ல, வேலையுமில்ல, விசாரணைதான். நீங்க அங்க ஒண்டும் குடுக்கல்லத்தானே? தக்ஷாயினி? கேக்குதா?

– மெடம், போனைக் கையால பொத்திக்கிட்டுக் கேளுங்க, இல்லையெண்டு சொல்லுங்க. அல்லாவுக்காகச் சொல்லுங்க. அதுவும் ஏலாட்டி, எல்லை மாறின கதை தெரியாமக் குடுத்திட்டன் எண்டு சொல்லுங்க. நமக்கே இது இப்பத்தானே தெரியும்!

– குடுத்திட்டன் சேர். ஒண்டாந் தேதியே திருக்கோணமலைக்குப் போன் போட்டுக் கேட்ட நான்; அது ஆருட ஊரும் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.